விளக்கு இன்னும் மினுக்குகிறது

லினக்ஸ் கணினியில் ஒரு பென் டிரைவைச் செருகி, ஒரு ஜிபி அளவுள்ள படக்கோப்பை அதில் நகலெடுத்துப் பாருங்கள். திரையில் ஓடும் கோடு சில விநாடிகளில் நிரம்பிவிடும். பென் டிரைவின் சிறு விளக்கோ அதற்குப் பிறகும் வெகுநேரம் மினுக்கிக்கொண்டிருக்கும். இரண்டில் விளக்கைத்தான் நம்ப வேண்டும்.

எழுதச் சொன்னதும், லினக்ஸின் மையநிரலான கர்னல் தரவைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஆயிற்று" என்று நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. இப்படிக் காத்திருக்கும் நினைவகத் துண்டுகளுக்கு 'அழுக்குப் பக்கங்கள்' என்று பெயர். வழக்கமான அமைப்பில் கர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிகளைக் கடந்த பக்கங்களை எடுத்து எழுதும். பென் டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும் என்பதால், சேர்த்துவைத்து எழுதுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில்தான் நம் கை பென் டிரைவைப் பிடுங்கப் போகிறது.

பழைய அகன்ற யுஎஸ்பி முனையைக் கூர்ந்து பாருங்கள். நான்கு தகடுகளில் மின்சாரத்துக்கான வெளி இரண்டும் நீளம். தரவுக்கான உள் இரண்டும் குட்டை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், பிடுங்கும்போது தரவு முதலில் அறுபடும். அழகான வடிவமைப்பு. ஆனால் கணினியின் நினைவகத்தில் காத்திருக்கும் பக்கங்களை அதனால் காப்பாற்ற முடியாது.

சாதனம் போய்விட்டது என்று கர்னலுக்கு உடனே தெரிந்துவிடும். மிச்சத்தை எழுதும் ஒவ்வொரு முயற்சியும் பிழையில் முடியும். பதிவேட்டில் அது குறிக்கப்படும். யாரிடம் சொல்வது? "ஆயிற்று" என்று கேட்ட நிரல் எப்போதோ முடிந்து போயிருக்கும். 'எஃப்சிங்க்' என்ற அழைப்பால் "வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று விசாரிக்கும் நிரலுக்கே செய்தி கிடைக்கும்.

அதிலும் ஒரு வினை இருந்தது. எழுத முடியாத பக்கங்களைக் கர்னல் சுத்தமானவை என்று குறித்துவிடும். இரண்டாம் முறை விசாரித்தால் வெற்றி என்றே பதில் வரும். 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் இதைக் கண்டு அதிர்ந்தார்கள். கர்னல் தரப்பின் விளக்கம் பென் டிரைவையே சுட்டியது: பிடுங்கப்பட்ட சாதனத்துக்கான பக்கங்களைப் பிடித்துவைத்துக்கொண்டே இருந்தால் நினைவகம் நிரம்பிக் கணினி திணறும். 2019 முதல் போஸ்ட்கிரெஸ், அந்த அழைப்பு தோற்றால் இயக்கத்தை நிறுத்திவிட்டுத் தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது.

திரும்பச் செருகும்வரை காத்திருக்கக் கூடாதா? 1985இல் வந்த அமிகா கணினி அப்படித்தான் செய்தது. தேவையான ஃபிளாப்பியை எடுத்துவிட்டால், அதன் பெயரைச் சொல்லித் திரும்பப் போடச் சொல்லும். எனக்கு அந்தப் பழக்கம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் லினக்ஸின் தயக்கம் சரியானது: இடையில் அந்த வட்டு வேறொரு கணினியில் மாற்றப்பட்டிருக்கலாம், பழைய பக்கங்களை அதன்மேல் எழுதினால் புதியவை பாழாகும். பழைய மவுண்ட் (வட்டைக் கணினியின் கோப்பமைப்போடு சேர்த்த இணைப்பு) விடுவிக்கப்படாமல் இருந்தால், லினக்ஸ் எஸ்டிபி என்று பெயரிட்டிருந்த அதே வட்டு மறுபடி செருகும்போது எஸ்டிசி என்று புது ஆளாகவே வரும்.

இனி வட்டின் பக்கம் வருவோம். பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஒரு கோப்பு மூன்று இடங்களில் வாழ்கிறது: தரவு ஓரிடம், அது எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்ற அட்டவணை ஓரிடம், பெயரும் அளவும் ஓரிடம். மூன்றும் ஒரே கணத்தில் எழுதப்படுவதில்லை. அதனால்தான் மவுண்ட் செய்யும்போது லினக்ஸ் வட்டில் 'அழுக்கு' என்று ஒரு குறி இட்டுவைக்கிறது. முறையாக வெளியேற்றினால் மிச்சப் பக்கங்கள் எழுதப்பட்டு, அந்தக் குறி அழிக்கப்படும். விண்டோஸ் 10, 2018இன் 1809 பதிப்பு முதல், யுஎஸ்பி வட்டுகளுக்கு எழுத வேண்டியதைத் தேக்கிவைக்காத முறையை இயல்பாக்கியது. பாதி நகலில் பிடுங்கினால் அதுவும் உதவாது.

அட்டவணை எழுதப்பட்டுப் பெயர் எழுதப்படாமல் போனால் தரவு அநாதையாகிறது. விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்பு நிரல் அவற்றைத் திரட்டி ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று பெயரிட்டு வைக்கும். காணாமல்போன புகைப்படத்தைத் தேடுகிறவர்கள் அவற்றை அழித்துவிட வேண்டாம். பின்னொட்டை ஜேபெக் என்று மாற்றித் திறந்து பாருங்கள். சில சமயம் படம் முழுசாக இருக்கும், சில சமயம் மேல்பாதி மட்டும் வந்து, கீழே வெறும் சாம்பல் நிறம் நிற்கும்.