முள்முருங்கை வேருக்குள் ஒரு சிவப்பு

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் உணவுக்காடு போட்டுவரும் குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது: "சில்வர் ஓக் ஏற்கெனவே நிற்கிறது, மிளகும் அதில்தான் ஏறுகிறது. முள்முருங்கை வேறு எதற்கு?"

நிழலுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. மேலே பலா, பட்டர் ஃப்ரூட், நடுவில் ஆரஞ்சு, காபி, கீழே மஞ்சள், சேனை என்ற அடுக்குக் கணக்கும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே விஷயம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். சில்வர் ஓக்கால் காற்றிலிருந்து அதைப் பிடிக்க முடியாது, முள்முருங்கையால் முடியும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களையும் மும்மைப் பிணைப்பு இறுக்கிக் கட்டியிருக்கிறது. அதை உடைத்து அம்மோனியா ஆக்க உரத் தொழிற்சாலைக்குச் சுமார் 400 டிகிரி வெப்பமும் வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். முள்முருங்கை வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்து மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே அதைச் செய்கிறது.

இதில்தான் ஒரு சிக்கல். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) செலவாகும். அத்தனை ஆற்றலுக்கு பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். இருக்கவும் கூடாது, இல்லாமலும் ஆகாது!

செடி இதைத் தீர்க்கும் விதம் அபாரம். முடிச்சின் வெளிச்சுவர் ஆக்சிஜனைக் கசிவாக மட்டுமே உள்ளே விடுகிறது. நுழைந்ததை லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் உடனே பற்றிக்கொண்டு பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. தனியாகத் திரியும் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை, சுவாசமும் நிற்பதில்லை. பெயர் சொல்வதுபோல இது நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தம்தான், இரும்பு உட்பட. அதனால் நிறமும் அதே.

ஆகவே சோதிக்க ஆய்வகம் வேண்டாம். இளங்கன்றின் பக்கவேரை மெல்லத் தோண்டி ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உதவாத பாக்டீரியா குடியேறியிருக்கிறது. தேய்த்தால் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு. முடிச்சு என்று மகிழ வேண்டாம்.

சேர்வராயன் மலையின் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அந்த மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்சத்து செடிக்குச் சரியாக எட்டாது. அது இல்லாமல் நைட்ரஜனேஸ் உருவாகாது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே வந்தால், அதில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். யூரியா போட்டால் முடிச்சு குறையும்: இலவசமாகக் கிடைக்கும்போது செடி எதற்குச் சர்க்கரை கொடுத்து பாக்டீரியாவை வளர்க்கும்? யூரியா மானியத்தில் ஒரு துளியை ஒதுக்கி, மலை மண்ணுக்கேற்ற ரைசோபிய வகைகளைத் தேடலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று: சும்மா நிற்கும் முள்முருங்கை பக்கத்துக் காபிக்குப் பெரிதாக எதையும் தராது. கவாத்து செய்ய வேண்டும். கிளை போனதும் வேருக்குச் சர்க்கரை குறைகிறது. நுண்வேரும் முடிச்சும் மடிந்து தழைச்சத்து மண்ணில் சேர்கிறது. தழையைக் காபித் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். தடித்த கட்டைகளை மண்ணில் புதைக்காதீர்கள்; அவை மட்கும்போது இருக்கும் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜூன் மழை பிடித்தபின் வெட்டுங்கள், எல்லா மரத்தையும் ஒரே நாளில் அல்ல. கோடையில் மொட்டையடித்தால் காபி இலை கருகும்.

நட, மணிக்கட்டுப் பருமனில் ஆறடிக் கொம்பு போதும். அடிப்பக்கம் சாய்வாகச் சீவி, ஒன்றரை அடி ஆழத்தில் மழைத் தொடக்கத்தில் ஊன்றுங்கள். நீர் தேங்கினால் அழுகும். கல்யாணப் பந்தலில் நட்ட முள்முருங்கைக் கொம்பு துளிர்த்தால் தம்பதிக்கு நல்லது என்பார்கள். ஈரம் இருந்தால் அது துளிர்க்கும், ஜாதகம் பார்க்காது.

2000-களின் நடுவில் தென்னிந்தியாவுக்கு வந்த கொப்புளக் குளவி இதன் தளிரைச் சுருட்டி வீங்க வைக்கிறது. வீங்கிய நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் முள்முருங்கையிலேயே வைக்காமல் இதேபோல் தழைச்சத்து பிடிக்கும் துவரையும், குளிர் குறைந்த அடிவாரத் தோட்டமானால் கிளைரிசிடியா மரமும் இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள்.