மாத்திரையை மழுக்கும் பாக்டீரியா

டிகாக்சின் இதய நோயாளிகளுக்குப் பழகிய பழைய மாத்திரை. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்குள் மருந்து வெறும் 0.25 மில்லிகிராம். கொஞ்சம் குறைந்தால் பலன் இருக்காது. கொஞ்சம் கூடினால் குமட்டலும் வாந்தியும் வரும், இதயத்துடிப்பே தாறுமாறாகும். "வாரத்துல அஞ்சு நாள் போடுங்க, ரெண்டு நாள் விட்டுடுங்க" என்று நம் ஊர் டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இத்தனை கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்து, சிலருடைய உடம்பில் மட்டும் மழுங்கிவிடுகிறது. விழுங்கியதில் கணிசமான பங்கு, வேலைக்கு ஆகாத பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். நியூயார்க்கில் ஜான் லிண்டன்பாம் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் 1981இல் காரணத்தைக் காட்டினார்கள்: குடல் பாக்டீரியா. அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ரத்தத்தில் டிகாக்சின் அளவு இரண்டு மடங்கு வரை ஏறியது. யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. தொண்டைப் புண்ணுக்கு வாங்கிய மாத்திரை, இதய மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுகிறதே!

இந்த வேலையைச் செய்வது எக்கர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா. சரி, அது குடலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமே? போதாது. அது இருந்தும் மருந்து கெடாதவர்கள் உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் டர்ன்பாவின் குழுவினர் 2013இல் முடிச்சை அவிழ்த்தார்கள். இதன் சில ரகங்களில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. டிகாக்சின் வந்ததும் இவை விழித்துக்கொள்ளும். இவை உண்டாக்கும் புரதம், மருந்து மூலக்கூறின் வளையம் ஒன்றில் இருக்கும் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிடும். அவ்வளவுதான். உருவம் அந்தளவு மாறினாலே போதும், மருந்து பற்றிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய இடமான, இதயச் செல்லில் உப்புகளை உள்ளும் வெளியும் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்பை அதனால் சரியாகப் பற்ற முடியாது.

பொன்னியும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். ஆனால் வயலிலும் சட்டியிலும் இரண்டும் ஒன்றா? பாக்டீரியாவில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஈ.கோலை என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவின் மூன்று ரகங்களை 2002இல் ஒப்பிட்டபோது, மொத்தப் புரதங்களில் 39.2 சதவீதம் மட்டுமே மூன்றுக்கும் பொதுவாக இருந்தன. ஒன்று ஆய்வகத்துச் சாது, மற்ற இரண்டும் நோய் தருபவை. பெயர் மூன்றுக்கும் ஒன்றே. அதனால், பாக்டீரியாப் பெயர்களை வண்ண வட்டத்தில் போட்டுக் கையில் தரும் குடல் பரிசோதனை அறிக்கைகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

மரபணு இருந்தாலும் அது வேலை செய்தே தீரும் என்றில்லை. அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தாராளமாகக் கிடைத்தால் இந்தப் பாக்டீரியா அந்த மரபணுக்களை அடக்கி வைக்கிறது. புரதம் மிகுந்த தீனி தின்ற எலிகளின் ரத்தத்தில் டிகாக்சின் அதிகம் இருந்தது. (எலிகளில் பார்த்தது இது. இதை நம்பி யாரும் வேர்க்கடலையை அள்ள வேண்டாம்.)

இந்தக் கதையில் வேலூருக்கும் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வி.ஐ. மாத்தனும் லிண்டன்பாமும் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், டிகாக்சினை மழுக்கியவர்கள் நியூயார்க்வாசிகளில் சுமார் 36 சதவீதம், தென்னிந்தியர்களில் சுமார் 14 சதவீதம். தென்னிந்தியர்களுக்குள்ளும் நகர வாழ்க்கைக்குப் பழகியவர்களிடமே இது கூடுதலாகத் தெரிந்தது. அப்போது அந்த மரபணுக்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. சிறுநீரை அளந்தே இவ்வளவையும் கண்டுபிடித்தார்கள்.