'சுகர் ஃப்ரீ' மக்கன் பேடாவும் 386-ம்

போன வாரம் ஆற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 386. ஆறு மாதமாக 180-ஐத் தாண்டாதவர். மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டால், இல்லவே இல்லை என்கிறார். கட்டைப்பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மக்கன் பேடா. மூடியில் பச்சை எழுத்தில் 'சுகர் ஃப்ரீ'.

"பேரனுக்குப் பேர் வெச்சோம் டாக்டரம்மா. சர்க்கரை இல்லாததுதானேன்னு காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு சாப்பிட்டேன்."

இந்த மாதம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

மக்கன் பேடாவை எதில் செய்கிறார்கள் என்று ஆற்காட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைதா, கோவா, உள்ளே முந்திரி, பாதாம். பொரித்துப் பாகில் ஊறப்போடுவார்கள். பாகை மாற்றிவிட்டால் மைதா எங்கே போகும்? அது வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். கோவாவில் பாலின் சர்க்கரை இருக்கிறது. பாகுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் பல இடங்களில் சேர்க்கும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியும் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும். அதிகமானால் வயிற்றுப்போக்கு வேறு. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்றுதான் பெட்டி சொல்கிறது. 'உங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது' என்று நீங்களாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறீர்கள். டயட் பிஸ்கட், சுகர் ஃப்ரீ லட்டு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு பக்கம், செயற்கை இனிப்பூட்டி என்றாலே பயந்து ஓடுகிறவர்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் வரலாம் என்பதற்கு அரைகுறைச் சான்றுதான் உண்டு என்று அர்த்தம். அதே நேரத்தில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட, ஒரு நாளில் ஒன்பது கேன் டயட் பானத்துக்கு மேல் குடிக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வரும் ஒருவர் இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, டீயில் போடும் இனிப்பு மாத்திரையை நிறுத்தி, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்குத் திரும்பிவிட்டார். தினம் நாலு டீ. எது ஆபத்து, சொல்லுங்கள்.

அதற்காக இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. உடம்பு இளைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது; ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டால் என்ற இன்னோர் இனிப்பூட்டி ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததை அதே ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காரணம் அதுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் இதயநோய் உள்ள என் நோயாளிகளிடம் அந்தப் பொடி வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். 70-க்குக் கீழே போனால் நிஜச் சர்க்கரை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு வீட்டில் இனிப்பு மாத்திரை போட்ட டீயைக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

ஆற்காட்டு அம்மாவிடம் பண்டிகைக்கு ஒரே ஒரு பேடா, அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைவு என்று பேசி வைத்திருக்கிறேன். நீங்களும் அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் 'சுகர் ஃப்ரீ' பெட்டியைக் கொண்டு வாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைச் சேர்ந்தே படிக்கலாம்.