காற்று அடிக்குது, காத்தாடி ஏன் நிற்குது?

ஜூன், ஜூலையில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது தவறாமல் கேட்கும் கேள்வி இது. "இவ்வளவு காற்று அடிக்குதே, அந்தக் காத்தாடி வரிசை முழுக்க சும்மா நிற்குது, எல்லாம் ரிப்பேரா?" நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூட இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சில நேரம் ரிப்பேர்தான். ஆனால் காற்று சீசனில் ஓடக்கூடிய இயந்திரத்தை எந்த உரிமையாளரும் ரிப்பேரில் போட்டு வைக்கமாட்டார். பெரிய வேலைகளை ஏப்ரலுக்குள் முடித்துவிடத்தான் எல்லோரும் ஓடுவோம். பல நேரங்களில் காரணம் இயந்திரத்துக்கு வெளியே இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறி, கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையில் இடைவெளி இருக்கும் இடங்களில் அது நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்கள். நெருக்கத்தில் வேகம் கூடும். உடுமலை, பல்லடம், கயத்தாறு, முப்பந்தல் என்று காத்தாடிகள் குவிந்திருக்கும் ஊர்களெல்லாம் இந்தக் கணவாய்களுக்குக் கிழக்கே, காற்றின் பாதையில் இருப்பவை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். அக்டோபரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

"காத்தாடி வந்த பிறகுதான் எங்க ஊருக்கு மழை போச்சு" என்று சொல்லாத கிராமமே இந்தப் பக்கம் இல்லை. இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது, ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்ப்பது உண்மை: மேகம் தலைக்கு மேல் போகிறது, மழை இறங்குவதில்லை. ஆனால் காத்தாடி வருவதற்கு முன்பும் இது மலை மழையைத் தடுத்துவிடும் மழை மறைவுப் பகுதிதான். மேகம் ஓடும் உயரத்தோடு பார்த்தால் பிளேடின் நுனி தரைக்குப் பக்கத்தில்தான் சுற்றுகிறது. மழை குறைவாகவும் காற்று வலுவாகவும் இருந்ததால்தான் காத்தாடி இங்கே வந்தது. ஒன்று மட்டும் உண்மை. பெரிய காற்றாலைத் தொகுப்புகளுக்குள் இரவில் தரையை ஒட்டிய வெப்பநிலை சற்றுக் கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பிளேடுகள் மேலிருக்கும் காற்றையும் கீழிருக்கும் காற்றையும் கலந்துவிடுவதுதான் அதற்குக் காரணம். மழையை விரட்டுவது என்பது வேறு கதை.

சரி, மின்சாரம் எப்படி வருகிறது? காற்று பிளேடைப் பின்னுக்குத் தள்ளிச் சுற்ற வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பிளேடின் குறுக்குவெட்டு விமான இறக்கையின் வடிவம். அதன் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து உருவாகும் தூக்குவிசைதான் சுற்ற வைக்கிறது. அந்தச் சுற்று நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது என்ற அளவில்தான் இருக்கும். கியர்பாக்ஸ் அதை ஆயிரத்து ஐநூறுக்குப் பக்கத்தில் ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. கியர்பாக்ஸே இல்லாத வகைகளும் உண்டு. மேலே இருக்கும் பெட்டி காற்றின் திசை பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

இதில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள சக்தி எட்டு மடங்காகும். பிளேடு சுற்றும் வட்டத்தின் விட்டம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அந்த வட்டத்துக்குள் ஏறக்குறைய 5 மெகாவாட் சக்தி கடந்துபோகும். அதை முழுவதும் பிடித்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. அதனால் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். நடைமுறையில் நமக்குக் கிடைப்பது 2 மெகாவாட் சொச்சம். அதே இயந்திரத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் 250 கிலோவாட் தேறினால் பெரிது. கீழே நிற்பவருக்கு இரண்டுமே "நல்ல காற்று"தான்!

வேகம் 3 மீட்டருக்குக் கீழே போனால் இயந்திரம் ஓடாது. 25 மீட்டரைத் தாண்டினாலும் ஓடாது. பிளேடைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டி, தானே நிறுத்திக்கொள்ளும். ஆக, பேய்க்காற்றில் காத்தாடி நிற்கிறது என்றால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நடுத்தரக் காற்றில், இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும் ஏன் நிறுத்துகிறோம்? சென்னையிலுள்ள மாநில மின்சுமை மையத்திலிருந்து "பேக்டவுன்" உத்தரவு வந்திருக்கும். உற்பத்தியைக் குறை என்று அர்த்தம். மின்சாரக் கட்டமைப்பில் எந்த நொடியிலும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். பிசகினால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் ஏறும் அல்லது இறங்கும், அது அளவு மீறினால் இருட்டுதான். அனல்மின் நிலையத்தை விசிறி சுவிட்சைப் போல அணைத்துப் போட முடியாது. அதன் திறனில் சுமார் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதே சிரமம். இரவு இரண்டு மணிக்கு ஊர் தூங்கும்போதும் கணவாயில் காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆலைகள் மூடியிருக்கும், மேலே வெயிலும் கொளுத்தும், சூரிய மின்சாரமும் குவியும். அப்போது யாரைக் குறைப்பது? காற்றாலை, சூரிய மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், கட்டமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே குறைக்கலாம் என்பது விதி. அந்த "ஆபத்து" எது என்பதில்தான் உற்பத்தியாளர்களுக்கும் மின்வாரியத்துக்கும் வருடக்கணக்காக வழக்கு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் வரை உற்பத்தியானது. அதே காத்தாடிகள் பிப்ரவரியில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுக்கும். வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்த இரண்டு நாட்களுக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும். நாங்களும் நாளைய உற்பத்தியை 15 நிமிடத்துக்கு ஒன்று என்று 96 பகுதிகளாக முன்கூட்டியே கணித்துக் கொடுக்கிறோம். கணிப்பு அதிகம் தவறினால் அபராதம். ஒரு மேகக்கூட்டம் அரைமணி நேரம் முன்பின்னாக வந்தால் போதும், போட்ட அட்டவணை முழுக்க வீண்.

மின்பாதை இன்னொரு பிரச்சினை. காற்று நிறைய இருப்பது தெற்கே, ஆலைகள் இருப்பது கோவை, திருப்பூர், சென்னைப் பக்கம். கயத்தாறு, தப்பகுண்டு என்று 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்த பிறகு நிலைமை நிறையவே மாறியது. புகளூருக்கும் சத்தீஸ்கரின் ராய்கருக்கும் இடையே 6,000 மெகாவாட் கொண்டுபோகும் நேர்மின்னோட்டப் பாதை 2021-ல் வந்தது. தெற்கில் மிஞ்சினால் வடக்கே அனுப்பலாம். ஆனால் காத்தாடியை ஆறு மாதத்தில் நட்டுவிடலாம், பாதை போட ஆண்டுகள் ஆகும். வழியில் எத்தனை வயல், எத்தனை தோட்டம்!

சேமித்து வைக்கலாமே என்பார்கள். வைக்கிறோம், போதாது. ஆனைமலையில் காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் 1980-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. திறன் 400 மெகாவாட். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வகை நிலையம் கட்டுகிறார்கள். 10,000-க்கு முன்னால் இவை எம்மாத்திரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பழைய காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகளுக்கு "பேங்கிங்" என்று ஒன்று உண்டு. சீசனில் வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டை வருடத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கும் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அது வெறும் கணக்குப் புத்தகம். ஆலை திரும்பக் கேட்கும் நாளில் வாரியம் எங்கிருந்தாவது மின்சாரம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தருவது முப்பந்தல்தான். நாட்டிலேயே அருமையான காற்று கிடைக்கும் இடங்களில் ஒன்று. அங்கே 1990-களில் வரிச்சலுகைக்காக அவசர அவசரமாக நட்ட 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன, ஒன்றின் காற்றை ஒன்று மறைத்துக்கொண்டு. இவற்றைக் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரங்கள் வைப்பதற்காக 2024-ல் அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் களத்தில் பத்துக் காத்தாடிக்குப் பத்து உரிமையாளர். இடையில் தோட்டம் வேறு. ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றுபோகும்.

பழைய இயந்திரங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்திலிருந்து பூமிக்குள் போகும் எர்த் கம்பியைச் செம்புக்காகத் திருடிவிடுகிறார்கள். அது போனால் இடி விழும்போது மின்னல் போவதற்கு வழி இல்லை. பிளேடு வெடிக்கும், மேலே இருக்கும் பெட்டி தீப்பிடிக்கும். கோபுரத்தின் நிழலில் ஆடு மேய்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வெயிலுக்கு உட்காருங்கள், தப்பில்லை. வானம் கறுத்து இடி சத்தம் கேட்டால் எழுந்து தூரமாகப் போய்விடுங்கள். அறுந்த கம்பியைப் பார்த்தால் தொடாமல், பக்கத்திலுள்ள துணைமின் நிலையத்திலோ காவலாளியிடமோ சொல்லுங்கள்.

பழைய காத்தாடியை மாற்றுவதற்காக உங்கள் நிலத்தைக் கேட்டு யாராவது வந்தால், வாடகையை மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பிளேடு உங்கள் வயலுக்கு மேல் சுற்றுமா, கிரேன் வரும் பாதை எது, மின்கம்பி எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பது யார் பொறுப்பு, அதற்கான பணம் எங்கே இருக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பிளேடு கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. உருக்கவும் முடியாது, பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கவும் மாட்டார். கழற்றிய பிளேடை உங்கள் வரப்போரம் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.