ஆறு பேர் டீமுக்கு எதுக்குங்க பெல் கர்வ், அதான் சில பேருக்கு நல்ல மார்க், சில பேருக்கு கம்மி மார்க்னு சதவீதம் வச்சு கட்டாயமா பிரிக்கற முறை?

போன வாரம் குவாலிட்டி செக்ஷன்ல இருந்து ஒரு பொண்ணு அப்ரைசல் ஃபார்ம எடுத்துக்கிட்டு எச்ஆர் ரூமுக்கு வந்தாங்க. அஞ்சுக்கு ரெண்டு. கமென்ட் எழுதற கட்டத்துல "இன்னும் இம்ப்ரூவ் ஆகணும்", அவ்ளோதான். "எதுலன்னு கேட்டேன் மேடம், சார் லேப்டாப்ப விட்டு தலையே தூக்கல"ன்னாங்க.

சூப்பர்வைசர கூப்ட்டு கேட்டா, "ஆறு பேர்ல ஒருத்தருக்கு கம்மியா போட்டுத்தானே ஆகணும், இவங்க ஆறு மாசம் லீவுல தான இருந்தாங்க"ங்கறாரு. அது பிரசவ லீவுங்க! 12 வாரமா இருந்தத 2017ல 26 வாரமாக்குனது சட்டம். அத வச்சு மார்க் குறைக்க நம்ம யாரு? வேலைக்கு வந்த மாசத்துல என்ன பண்ணாங்களோ அதுக்கு மட்டும்தான் மார்க்.

14 வருஷமா எச்ஆர்ல இருக்கேன், இந்த "போட்டுத்தானே ஆகணும்" மட்டும் போகவே மாட்டேங்குது. அமெரிக்காவோட ஜிஈ கம்பெனில தலைவரா இருந்த ஜாக் வெல்ச், ஆளுங்கள மேல 20, நடுவுல 70, கீழ 10 சதவீதம்னு பிரிச்சாருன்னா அங்க லட்சக்கணக்குல ஆளுங்க. உங்க டீம்ல ஆறு பேருக்கு 10 சதவீதம்னா ஒரு முழு ஆள் கூட வராது, அப்புறம் யார கீழ தள்ளுவீங்க? அதுவும் ஆறு பேரையும் இன்டர்வியூ வச்சு தேடி எடுத்தது நீங்கதான், ஆறு பேரும் நல்லா வேலை செஞ்சா அது தப்பா? மைக்ரோசாஃப்ட்டே 2013ல இந்த ரேங்க் முறைய தூக்கிட்டாங்க. மேனேஜ்மென்ட் கட்டாயம்னு சொன்னா எங்ககிட்ட வந்து சண்டை போடுங்க, அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.

அப்புறம் தயவுசெஞ்சு வருஷம் முழுக்க விட்டுட்டு அப்ரைசல் எழுத மார்ச் மாசம் உக்காந்து யோசிக்காதீங்க. பிப்ரவரில நடந்தது மட்டும்தான் ஞாபகம் வரும். மாசம் ஒரு பத்து நிமிஷம், ஆளுக்கு ரெண்டு வரி, தேதி போட்டு எழுதி வைங்க. "பொறுப்பில்லை"ன்னு எழுதாதீங்க, "ஜூன்ல மூணு நாள் ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் எழுதல"ன்னு எழுதுங்க, அப்பதான் அந்தாளுக்கு எத திருத்திக்கணும்னு புரியும். ஜூன்ல நடந்த தப்ப ஜூன்லயே சொல்லிடுங்க, அப்ரைசல் மீட்டிங்ல ஒருத்தர் அத முதல் தடவயா கேக்கக்கூடாது. பேசும்போது லேப்டாப்ப மூடுங்க, போன சைலன்ட்ல போடுங்க, முதல்ல அவங்கள பேச விடுங்க.

அந்த பொண்ணு ஃபார்ம்ல நான் சைன் பண்ணல, திருப்பி அனுப்பிட்டேன். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், திரும்பி வந்த ஜனவரில இருந்து இப்ப வரைக்கும் இன்ஸ்பெக்ஷன் ரெஜிஸ்டர்ல அவங்க கையெழுத்து இருக்கு, அத ஒவ்வொரு பக்கமா பாத்துட்டு மறுபடி எழுதுங்க சார்னு சொல்லியிருக்கேன்.