படகைத் தூக்கும் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர்

பெல்ஜியத்தின் லா லூவியேர் நகரை ஒட்டிய பழைய நடுக்கால்வாய் 7 கிலோமீட்டர் தூரத்துக்குள் 66 மீட்டர் ஏறுகிறது. அது வெட்டப்பட்ட காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் இருந்தன. மியூஸ், ஷெல்ட் ஆகிய இரண்டு ஆற்றுப் படுகைகளையும் இணைத்தால்தான் அந்தச் சரக்கு படகில் ஏறி வெளியூர் போகும்.

இப்படிப்பட்ட ஏற்றத்தை லாக் கட்டித்தான் சமாளிப்பார்கள். இருபுறமும் கதவு வைத்த அறைக்குள் படகை விட்டுத் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், திறந்துவிட்டால் இறங்கும். 43 மீட்டர் நீளம், 5.8 மீட்டர் அகலத்தில் 4 மீட்டர் உயரம் ஏற்றும் ஒரு லாக், ஒருமுறை இயங்கினால் மேல் கால்வாயிலிருந்து சுமார் 1,000 கன மீட்டர் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். அப்படி 16, 17 லாக்குகள் வேண்டும். மேட்டுப்பகுதியில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அதனால்தான் இங்கே நான்கு படகு லிஃப்டுகளைக் கட்டினார்கள். முதலாவது 15.4 மீட்டர் தூக்குகிறது, மற்ற மூன்றும் தலா 16.93 மீட்டர். ஒரு படகை ஏற்றி இன்னொன்றை இறக்க இவற்றுக்குச் செலவாகும் தண்ணீர் சுமார் 75 கன மீட்டர்தான்.

ஒவ்வொரு லிஃப்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுத் தொட்டிகள். நீளமும் அகலமும் மேலே சொன்ன அளவுதான், தண்ணீரின் ஆழம் சுமார் 2.4 மீட்டர். ஒவ்வொரு தொட்டியும் 2 மீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன்மேல் நிற்கிறது. பிஸ்டன்கள் தரைக்குள் புதைந்த சிலிண்டர்களில் இறங்குகின்றன. இரண்டு சிலிண்டர்களையும் ஒரு குழாய் இணைக்கிறது, அதன் நடுவே ஒரு வால்வு. ஒரு தொட்டி இறங்கினால் அதன் சிலிண்டரிலிருந்து வெளியேறும் தண்ணீர் மறு சிலிண்டருக்குள் போய் அடுத்த தொட்டியைத் தூக்கும். தண்ணீரால் ஆன தராசு என்றே சொல்லலாம்.

தொட்டிக்குள் 360 டன் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடை மாறாது. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை, சரக்கேற்றிய படகு ஒரு பக்கமும் படகில்லாத தொட்டி மறுபக்கமும் நின்றால்கூட தராசு சாயாது.

அப்படியானால் சாய்ப்பது எப்படி? மேலே வரும் தொட்டியைக் கால்வாய் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்துவார்கள். தொட்டிக்கும் கால்வாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒழுகாமல் அடைத்து, அதில் தண்ணீரை நிரப்பி, இருபக்கக் கதவுகளையும் தூக்கினால் கால்வாய்த் தண்ணீர் தானாகப் பாய்ந்து அந்த 30 சென்டிமீட்டரை நிரப்பிவிடும். கீழ்த் தொட்டி நிற்பதோ கீழ்க்கால்வாய் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே. கதவு திறந்ததும் அதிலுள்ள உபரி வெளியேறிவிடும். படகுகள் உள்ளே வந்ததும் கதவுகளை மூடி, இடைவெளித் தண்ணீரை வடித்து, வால்வைத் திறந்தால் போதும். மேல் தொட்டி இப்போது 75 டன் கூடுதல் எடையோடு கீழே இறங்கத் தொடங்கும்.

இந்த 30 சென்டிமீட்டர் எப்படி வந்தது என்பதில்தான் வடிவமைப்பின் நுட்பம் தெரிகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீருக்கும் எடை உண்டு. பயணம் தொடங்கும்போது ஒரு பிஸ்டனின் அடி மேலே, மற்றதன் அடி கீழே. நடுவில் 16.93 மீட்டர் உயரத்துக்கு நீர்த்தூண். அது கீழே உள்ள பிஸ்டனைக் கூடுதலாக மேலே தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு 3.14 சதுர மீட்டர் என்பதால் இந்த உதவி சுமார் 53 டன். பாதி வழியில் இரண்டு பிஸ்டன்களும் சம உயரத்துக்கு வரும்போது உதவி பூஜ்யமாகிறது. கடைசியில் அதே 53 டன் எதிர்த்திசையில் முட்டுக்கட்டை போடுகிறது. ஆக, ஓட்டும் விசை தொடக்கத்தில் 128 டன், நடுவில் 75 டன், முடிவில் 22 டன். உராய்வை வெல்ல அந்த 22 டன் மிச்சம் இருந்தாக வேண்டும். 20 சென்டிமீட்டர் மட்டும் ஏற்றியிருந்தால் கூடுதல் எடை 50 டன்தான். தொட்டி கரை சேராமல் முன்னதாகவே நின்றுவிடும். தொடக்கத்தில் விசை மிகுதியாக இருப்பதால் வால்வை மெல்லத் திறக்க வேண்டும்.

கதவுகளைத் தூக்கவும், படகை இழுக்கவும், கசிவை ஈடுகட்டவும் அழுத்த நீர் தேவை. மேல் கால்வாயிலிருந்து விழும் தண்ணீர் டர்பைனைச் சுழற்ற, அது பம்புகளை இயக்கி அழுத்தத்தைச் சேமித்து வைக்கிறது. நிலக்கரிக்காகவே கட்டிய லிஃப்ட், தன் வேலைக்கு நிலக்கரி கேட்கவில்லை.

இந்த யோசனை பிறந்த இடம் இங்கிலாந்து. எட்வின் கிளார்க் வடிவமைத்த ஆண்டர்டன் லிஃப்ட் 1875-இல் செஷயரில் திறக்கப்பட்டது. வீவர் ஆற்றிலிருந்து 15 மீட்டர் மேலே உள்ள கால்வாய்க்குப் படகுகளை ஏற்றியது. பெல்ஜியப் பொறியாளர்களுக்கு முக்கியமான பாடங்களைக் கொடுத்தது அதன் கோளாறுகள்தான். அங்கே தொட்டி நேராக ஆற்றுத் தண்ணீருக்குள் இறங்கியது. மூழ்க மூழ்க அதன் எடை குறைந்ததால் கடைசி அடிகளுக்கு நீராவி எஞ்சின் சேமித்துக் கொடுத்த அழுத்தத்தை நம்ப வேண்டியிருந்தது. லா லூவியேரில் தொட்டி வறண்ட குழிக்குள் இறங்குவதால் அந்தத் தொல்லை இல்லை.

1882-இல் ஆண்டர்டனின் சிலிண்டர் ஒன்று வெடித்தது. தொட்டி வேகமாகக் கீழே வந்தது. சிலிண்டரிலிருந்து பீறிட்ட தண்ணீர் அந்த வேகத்தைத் தடுத்ததால் யாருக்கும் காயமில்லை. வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. லா லூவியேரில் ஒரு தொட்டியும் தண்ணீரும் பிஸ்டனும் சேர்ந்து ஆயிரம் டன்னைத் தாண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அழுத்தம். அதனால் வார்ப்பிரும்புச் சிலிண்டரைச் சுற்றி எஃகு வளையங்களை இறுக்கி மாட்டினார்கள். இழுவையை வளையங்கள் வாங்கிக்கொள்கின்றன.

ஆண்டர்டனைக் கடைசியில் முடக்கியது அரிப்பு. கால்வாய்த் தண்ணீரையே சிலிண்டரில் பயன்படுத்தியதால் பிஸ்டனில் வரிவரியாகப் பள்ளம் விழுந்து கசிந்தது. பள்ளத்தைச் செம்பால் நிரப்பினார்கள். அமிலத்தன்மையுள்ள நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், சுற்றியுள்ள இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். 1897-இல் காய்ச்சி வடித்த நீருக்கு மாறியும் பழைய சேதம் தீரவில்லை. 1908-இல் ஹைட்ராலிக் (நீரழுத்த) முறையையே கைவிட்டு மின்மோட்டாருக்கும் எதிர்எடைகளுக்கும் போனார்கள்.

பெல்ஜியத்தின் முதல் லிஃப்டை 1888 ஜூன் 4 அன்று மன்னர் இரண்டாம் லியோபோல்ட் திறந்துவைத்தார். மற்ற மூன்றும் முடிந்தது 1917-இல், முதல் உலகப் போரின் நடுவே. பிரான்சின் ஃபோன்தினெத் லிஃப்டும் 1888-இல் வந்ததுதான், ஆனால் 1967 முதல் அசையாமல் நிற்கிறது. ஜெர்மனியின் ஹென்றிஷென்பூர்க் 1899-இல் பிஸ்டனுக்குப் பதில் ஐந்து மிதவைகளை நம்பியது, இப்போது அருங்காட்சியகம். ஆண்டர்டன் 2002-இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது சிலிண்டரில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். தொடக்க கால வடிவில் இயங்கும் நிலையில் எஞ்சியவை லா லூவியேரின் நான்கும்தான் என்கிறது யுனெஸ்கோ. 1998-இல் அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரக்குப் போக்குவரத்து 2002-இல் பக்கத்திலேயே ஸ்த்ரெப்பி-தியூவுக்கு மாறிவிட்டது. 1,350 டன் படகை ஒரே வீச்சில் 73 மீட்டர் தூக்கும் கம்பிவட லிஃப்ட் அது. பழையவற்றில் சுற்றுலாப் படகுகள் போகின்றன. அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஓடாத ஹைட்ராலிக் இயந்திரத்தில் தோலாலும் ரப்பராலும் ஆன அடைப்புகள் காய்ந்து வெடிக்கும், பிஸ்டனில் துரு பிடிக்கும். ஓட்டுவதுதான் பராமரிப்பு.

ஆனால் ஓட்டுவதில் ஆபத்தும் உண்டு. 2002 ஜனவரியில் முதல் லிஃப்டிலிருந்து ஒரு படகு வெளியேறிக்கொண்டிருக்கும்போதே தொட்டி மேலெழத் தொடங்கி, லிஃப்ட் கடுமையாகச் சேதமடைந்தது. கதவு திறந்த நிலையில் தொட்டி ஏறினால் உள்ளிருக்கும் தண்ணீர் கொட்டும், தொட்டி லேசாகும், லேசாக லேசாக ஏற்றத்தின் வேகம் கூடும். எனவே தொட்டி கால்வாயோடு இணைந்திருக்கும் நேரமெல்லாம் நடுவால்வு மூடியே இருக்க வேண்டும். நான்கு கதவுகளும் இறங்கி, இடைவெளிகள் வடிந்ததை உறுதி செய்யாமல் அதைத் தொடக்கூடாது.