தராசுக்குத் தெரியாத தொந்தி

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால், எதிரே வருபவரின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என் பெரியம்மா நகரமாட்டார். இவர் ஒற்றைநாடி, அவர் ரெட்டைநாடி, அந்தப் பெண் பூசினாற்போல இருக்கிறாள், அவள் தம்பி நல்ல வாட்டசாட்டம். போன வாரம் என் முறை. "ஒல்லியாத்தானே இருக்கே, வயிறு மட்டும் எங்கேயிருந்துடா வந்துச்சு?"

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சரியான கேள்வி.

என் எடை 68 கிலோ, உயரம் 1.70 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 23.5. இதுதான் பிஎம்ஐ. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியைப் புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு இது. உலகப் பொது அளவில் 25 வரை கவலையில்லை. சிங்கப்பூரிலோ 23லேயே மிதமான அபாயம் தொடங்கிவிடுகிறது. காரணம், ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட ஆசியர் உடம்பில் கொழுப்பு அதிகம். இங்குள்ள சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் அளந்து பார்த்ததில், நம்மவர்களிடம்தான் அது கூடுதல்.

பிஎம்ஐ எவ்வளவு கனம் என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் கனம் எதனால் ஆனது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. தமிழ் சொல்லும். கட்டுமஸ்து என்றால் தசை. ஊளைச்சதை என்றால் தொளதொளவென்று தொங்கும் கொழுப்பு. இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றாகவே இருக்கலாம். தசையைவிடக் கொழுப்புக்கு அடர்த்தி குறைவு என்பதால், அதே எடைக்கு ஊளைச்சதை கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வயிற்றை விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் சிக்குவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. பார்க்க அழகில்லை என்றாலும் பெரும்பாலும் சாது. ஆபத்தானது கிள்ளினால் சிக்காது. அது வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிப் படிந்திருக்கும். சில ஆண்களின் தொந்தி கல் மாதிரி இருப்பது அதனால்தான். 'எனக்கு கெட்டி வயிறு' என்று அவர்கள் தட்டிக் காட்டிப் பெருமைப்படுவதும் உண்டு! அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து வரும் ரத்தத்தோடு நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்காது. தேவையில்லாதபோதும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஒல்லியான ஆளுக்கும் நீரிழிவு வரும் வழிகளில் இது ஒன்று.

தொடையிலும் இடுப்பிலும் சேரும் சதை இந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் பூசினாற்போன்ற அந்தப் பெண்ணைவிட எனக்குத்தான் கவலை அதிகம்.

உள்ளே ஒளிந்திருக்கும் இந்தக் கொழுப்பைப் பிடிக்கத் தையல்கடை டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு வயிற்றின் சுற்றளவை அளக்கவேண்டும். ஆசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. எனக்கு 92. பேன்ட் அளவு 32 அங்குலம்தானே என்று அதுவரை நிம்மதியாக இருந்தேன். நாங்கள் பேன்ட்டைத் தொந்திக்குக் கீழே அல்லவா கட்டுகிறோம்!